மேல்பிரிவு லயமும் கோப்பித் தொட்டியும்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தோட்டத்துப் பழையவற்றைக் காக்க முயலும் நம் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையால் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டில் நம்மை அதிகம் அலைக்கழித்தது மேல்பிரிவில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம்தான். தனி வீடு கட்ட இடம் வேண்டும், அதனால் இடிக்கப்போகிறார்கள் என்று தை மாதம் தெரிய வந்தது. வீடு வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? கோடியில் உள்ள காம்பரா (அறை) ஒன்றையாவது விட்டுத்தரக் கேட்போம் என்று முடிவெடுத்தோம். பொதுக்கூட்டத்தில் ஓர் அக்கா எழும்பி, "பத்துக்குப் பன்னிரண்டு அடியில ஏழு பேர் படுத்தோம். அந்தப் புகையை எதுக்குப்பா காப்பாத்தணும்?" என்று கேட்டார். எனக்கும் பதில் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவரே எங்களைக் கூட்டிப்போய் அடுப்பு மூலையைக் காட்டினார். கரி படிந்த சுண்ணாம்புச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கத்தியால் கீறி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று கோடுகளோடு நின்றுவிட்டது. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளையாம்.

நிர்வாகத்தில் ஒருவர் "சரி, ஒன்றை விடுகிறோம்" என்றார். அதை எழுத்தில் வாங்காமல் விட்டது என் பிழை. ஆவணியில் மெஷின் வந்து மொத்த வரிசையையும் தள்ளிவிட்டது. மிஞ்சியவை நாம் எடுத்த அளவுகள், போட்டோக்கள், ஒரு கதவுநிலை. இஸ்தோப்புக் (முன்திண்ணைக்) கல் ஒன்றையும் இளைஞர்கள் உருட்டிக்கொண்டு வந்து கோயில் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியாதா என்று பலர் கேட்டீர்கள். இலங்கையின் தொல்பொருள் சட்டம் பழையது என்று தானாக ஏற்பது 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் தேதி அது. வெள்ளைக்காரத் துரை ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பிப் பயிர் போட்டதோ 1820களில். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்மவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்ததும் அதற்குப் பிறகுதான். ஆக, நம் கதை முழுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிறது. பிந்தியதை அரசிதழான வர்த்தமானியில் அறிவித்துத்தான் காப்பாற்ற முடியும். அதற்கு யாராவது கேட்க வேண்டும்.

அதனால்தான் ஆற்றோரத்தில் இருக்கும் கோப்பிக் காலத்துக் கல்தொட்டிக்கு இப்போதே மனு எழுதியிருக்கிறோம். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. தொட்டி அதற்கு முந்தியது என்பது பெரியவர்கள் சொல்வது. இதற்கு எழுத்துச் சான்று தேடிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அதில் கிடப்பது பிளாஸ்டிக் போத்தல்கள்.

லூல்கந்துரச் சுற்றுலா நன்றாக நடந்தது. 1867இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டு இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிய இடம். அவருடைய குடிலில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. 1892இல் அவர் இறந்தபோது உடலைக் கண்டி வரை தொழிலாளர்கள்தான் சுமந்து போனார்கள். மஹியாவ மயானத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. சுமந்தவர்களின் புதைகுழி எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். நம் தோட்டத்து மயானத்திலும் பழைய குழிகளுக்குப் பெயர் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டு யார் எங்கே என்று ஒரு படம் வரையத் தொடங்கியிருக்கிறோம். பாதிகூட முடியவில்லை.

தொட்டியைத் துப்புரவாக்கும் சிரமதானம் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு. மண்வெட்டி, சாக்கு கொண்டுவாருங்கள். ஆற்றோரத்தில் அட்டை அதிகம், சவர்க்காரமும் உப்பும் மறக்க வேண்டாம்.

செயலாளர்