பின்பக்க டர்போ: ஆயில் திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க பிக்கப் வண்டிகளில் சைலன்சர் இருக்கும் இடத்தில் டர்போவை (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பூட்டி ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதே வேலையைச் செய்து தரச் சொல்லிப் பட்டறைகளுக்கு இளைஞர்கள் வருகிறார்கள். பானட்டுக்குள் இடமே இல்லாத எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினுக்கு அது நல்ல ஏற்பாடுதான். நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. தனியார் தடத்தில் ஓட்டும் வண்டிக்குச் செய்பவர்களுக்கும், வளைகுடா நாடுகளில் இந்த வேலை செய்யும் நம் மெக்கானிக்குகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

டர்போவின் சாஃப்ட் (நடுத்தண்டு) நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது பேரிங்குக்குள் ஓடும் ஆயில் படலம். எனவே ஆயில் கொண்டுபோகும் ஹோஸைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஆயில் திரும்பும் வழிதான். டர்போவின் இரு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். உள்ளே ஆயில் தேங்கினால் அதைத் தாண்டி வெளியே கசிந்துவிடும். இன்ஜின் பக்கத்தில் இருக்கும் டர்போவில் ஆயில் தானாகவே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிடும். சேஸிஸுக்கு அடியில் தொங்கும் டர்போ, சம்ப்பின் ஆயில் மட்டத்துக்குச் சமமாகவோ அதற்கும் கீழேயோ இருக்கும். அங்கிருந்து ஆயில் தானாக மேலே ஏறாது, பம்ப் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

டர்போவின் ஆயில் வெளியேறும் துளைக்கு நேர் கீழே ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து கம்பி வலை ஃபில்டர், பிறகு 12 வோல்ட் கியர் பம்ப் என்ற வரிசையில் பூட்ட வேண்டும். சாதா புஷ் பேரிங் (குண்டு இல்லாத உருளை வளையம்) டர்போ, சூடான இன்ஜினில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ஆயிலை விடும். அது நுரையோடு வருவதால் பம்ப்பின் திறன் அதைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். பம்ப்பிலிருந்து வரும் ஹோஸைச் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர்க்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால், பம்ப் நின்ற நேரத்தில் சம்ப் ஆயிலே பின்னோக்கி ஓடி டர்போவை நிரப்பிவிடும்.

ஆயில் போகும் பக்கத்தில் உள்விட்டம் 4.5 மி.மீ. உள்ள டெஃப்லான் ஹோஸ், அதன் மேல் ஸ்டீல் பின்னல் போதும். பால் பேரிங் (குண்டு பேரிங்) டர்போ என்றால் நுழைவாயிலில் 1 மி.மீ. துளையுள்ள அடைப்பான் தேவைப்படும். புஷ் பேரிங்குக்குப் பொதுவாக வேண்டாம். அந்தச் சின்னத் துளைக்கு எமன், கசியாமலிருக்க இணைப்புகளில் பூசும் சிலிக்கான் பேஸ்ட்தான். ஒரு துணுக்கு பிய்ந்து போனாலும் பேரிங் காய்ந்துவிடும். டெஃப்லான் டேப்பையும் தொடாதீர்கள்.

டர்போ நுழைவாயிலுக்கு அருகே ஒருவழி வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் இரவு முழுக்க ஹோஸிலுள்ள ஆயில் டர்போவுக்குள் வடிந்து, காலையில் செல்ஃப் அடித்ததும் நீலப் புகை கக்கும். அதோடு, காலியான 4 மீட்டர் ஹோஸ் நிரம்பி முடியும்வரை பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராது.

பம்ப்பை இக்னிஷனோடு மட்டும் இணைத்துவிடுகிறார்கள். சாவியை அணைத்ததும் பம்ப்பும் நின்றுவிடும். இன்ஜின் நின்ற பிறகும் 30 வினாடி ஓடும்படி டைமர் ரிலே வையுங்கள். தனி ஃபியூஸும், பம்ப் நின்றால் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கும் வேண்டும். அந்த விளக்கை வீண்செலவு என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

போகும் ஹோஸில் சுமார் 65 மில்லி, 10 மி.மீ. உள்விட்டமுள்ள திரும்பும் ஹோஸில் சுமார் 300 மில்லி ஆயில் நிற்கும். ஓட்டிப் பார்த்த பிறகு டிப்ஸ்டிக் பார்த்து அந்த அளவை நிரப்பிவிடுங்கள். ஹோஸ்களைப் புகைக்குழாய் இல்லாத பக்கத்துச் சேஸிஸின் உட்புறமாகக் கொண்டுபோய், ஓரடிக்கு ஒரு கிளிப் போட்டால் கல்லடி படாது.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜெக்டர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பம்ப்பை ஓடவிட்டு, ஆயில் திரும்பி வரும்வரை இடைவெளி விட்டுச் செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் சூடானதும் திரும்பும் ஹோஸைச் சம்ப் பக்கத்தில் கழற்றி ஒரு அளவுக் குடுவையில் 15 வினாடி மட்டும் பிடித்துப் பாருங்கள். விட்டு விட்டுத் துப்புவது கோளாறல்ல, பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது என்று அர்த்தம். நுரையில்லாமல் இடைவிடாது ஓடினால்தான் கவலை. வருகிற ஆயிலுக்குப் பம்ப் ஈடுகொடுக்கவில்லை, டர்போவில் தேங்கத் தொடங்கிவிட்டது.

லாரிக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. டர்போ ஆயில் கக்குகிறது என்று புதிதாக மாற்றி, அதுவும் கக்கினால், இன்ஜின் ப்ரீதர் (உள்ளே சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினால் டர்போ ஆயில் கீழே இறங்காது. மூன்றாவது டர்போ வாங்கும் முன் ப்ரீதர் குழாயையும், ஆயில் இறங்கும் குழாயையும் கழற்றிக் கழுவிப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறை மெக்கானிக்குகள் சிலர்,
நாமக்கல்