குடியிருப்பு இயற்கை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

செயலவை ஆறு முறை கூடியது. இருமுறை போதிய ஆள் வராமல் கலைந்தது. கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியும் தீபாவளி உபசரிப்பும் வழக்கம்போல் நடந்தன.

கொங்காங், அதாவது சுண்டா தேவாங்கு, மரம்விட்டு மரம் கடக்கக் கட்டிய கயிற்றுப் பாலம்தான் இவ்வாண்டின் பெரிய வேலை. "ஒரு கயிற்றுக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கொங்காங் தாவாது. அடுத்த கிளையைப் பிடித்த பிறகுதான் பிடித்ததை விடும். செம்பனைத் தோட்டத்துக்கும் சாலைக்கும் காட்டை வெட்டி இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அங்கே நாயும் லாரியும். மின்கம்பியில் ஏறினாலும் சாவுதான். முதலில் கட்டிய கயிறு அடிமரத்தோடு நின்றது தவறு. நுனியைக் கிளைகளுக்குள் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். மரத்தில் நேராக முடிச்சுப் போட்டால் மரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதையும். கயிற்றுக்கு அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். நைலான் வெயிலில் நைந்துவிடும் என்பதால் பழைய தீயணைப்புக் குழாய்க்கு மாறினோம்.

இரவுக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினாறு பேர், வந்தவர்கள் மூவர். விலங்கின் கண் கூசாமலிருக்க டார்ச்சில் ஒட்டும் சிவப்புக் காகிதம் மட்டும் நிறைய மிஞ்சியது.

நம் வாட்ஸ்அப் குழுவில் கொங்காங்கைக் கிச்சுகிச்சு மூட்டும் காணொளி மூன்று முறை வலம் வந்தது. அது கையைத் தூக்குவது கூச்சத்தால் அல்ல, தற்காப்புக்காக. மேற்கையின் உட்புறச் சுரப்பியில் கசியும் நெய்யை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சு; சீப்புப்போன்ற கீழ்ப்பற்கள் வழியே கடிவாயில் இறங்கும். காயம் அழுகலாம், ஒவ்வாமையில் மூச்சும் அடைக்கலாம். இதற்குப் பயந்துதான் விற்பவர்கள் நகவெட்டியால் பல்லை நறுக்குகிறார்கள். பல் போனால் மரத்தைச் சுரண்டிப் பிசின் தின்ன முடியாது. மீட்டாலும் காட்டில் விட முடியாது. ஆறு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் பிராணி இது. 2007 முதல் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்பும் உண்டு. வீட்டுக்குள் வந்தால் கையால் தொடாமல் கூடையைக் கவிழ்த்துவிட்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழையுங்கள்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி, விவரம் பொருளாளரிடம். ஆண்டுச் சந்தா 20 ரிங்கிட், மாதக் கணக்கில் ஒரு தே தாரேக் தேநீர்க் காசுகூட வராது. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், மரமேறிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த பாலம் கோயிலுக்குப் பின்னுள்ள சாலை வளைவில். மரம் பார்த்தாயிற்று, குழாயும் ஸ்டோரில் கிடக்கிறது. மரமேறத் தெரிந்த இன்னும் இருவரும், பாக்கிச் சந்தாவும் வந்தால் கட்டிவிடலாம். ஸ்டோர் சாவி என்னிடம்தான். ஞாயிறு காலை 8 மணிக்குத் திறந்து வைத்திருப்பேன்.

பணிவுடன்,
செயலாளர்