அந்தக் கீற்றை அழித்துவிடாதே

பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், சிகிஞ்சான் வயல்வெளியில் நீ எடுத்த படங்களும் கிடைத்தன. பேரன் பிறந்ததற்கு முதலில் என் வாழ்த்து. தாயும் பிள்ளையும் நலம் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றார்கள், மெல்லக் கூட்டிப் போய் வந்தோம். மகளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஓரியன் நட்சத்திரக்கூட்டப் படத்தின் குறுக்கே ஒரு கீற்று விழுந்துவிட்டதே, அது எரிநட்சத்திரமா, இல்லையென்றால் எந்த மென்பொருளில் அழிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அழிக்காதே, சேகர். அத்தனை படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கீற்றுதான்.

அது எரிநட்சத்திரம் இல்லை. அதற்கு அடுத்து எடுத்த படத்தைத் திறந்து பார், அதே திசையில் மெல்லிய கோடாக நீண்டு போகிறது. எரிநட்சத்திரம் ஓரிரு நொடியில் எரிந்து முடியும், ஒரு படத்தோடு சரி. விமானமாக இருந்தால் விளக்குச் சிமிட்டல் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். உன்னுடையது இரு முனையிலும் மெலிந்து நடுவில் பருத்திருக்கிறது. செயற்கைக்கோளின் தட்டையான ஒரு பக்கம் சில நொடி மட்டும் சூரியனை நம் பக்கமாகத் திருப்பிக் காட்டினால் கோடு இப்படித்தான் விழும். நேரமும் பொருந்துகிறது. நீ எடுத்தது இரவு 8.45. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் பூமியின் நிழல் வேகமாக மேலே ஏறிவிடும். 550 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் போகும் ஒன்றின் மேல் சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வெயில் படும். அந்த உயரம், அந்த நேரம் இரண்டையும் வைத்துப் பார்த்தால் அநேகமாக ஸ்டார்லிங்க், இணையச் சேவைக்காக ஏவும் செயற்கைக்கோள்களில் ஒன்று.

உனக்கு இரிடியம் நினைவிருக்கிறதா? பாடாங் கோத்தாவில் முக்காலியை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்போமே. 1997 முதல் ஏவப்பட்ட அந்தத் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றின. ஒவ்வொன்றிலும் கதவளவு மூன்று ஆண்டெனாக்கள், கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளிப் பூச்சோடு. அவை திரும்பியிருக்கும் கோணம் முன்கூட்டியே தெரிந்ததால் இத்தனை மணி, இத்தனை நொடிக்கு, இந்தத் திசையில் மின்னும் என்று கணித்துவிட முடிந்தது. வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு பிரகாசமாக, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் நட்சத்திர அளவுகோலில் மைனஸ் 8 வரைக்கும் போகும். ஆனால் அந்த ஒளித்திட்டு தரையில் விழுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்குத்தான். ஜார்ஜ் டவுனில் கண் கூசும் அதே மின்னல் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் மங்கலாகத் தெரியும். அதற்காகவே இரவில் காரை எடுத்துக்கொண்டு இடம் மாறுவோம். சரியான இடத்தில், சரியான நொடியில் நின்று ஷட்டரைத் திறப்பதில் இருந்த அந்தத் துடிப்பு வேறெந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

2017 முதல் 2019 வரை புதிய தலைமுறை இரிடியங்களை மேலே அனுப்பினார்கள். அவற்றில் அந்தக் கண்ணாடி ஆண்டெனா கிடையாது. பழையவற்றில் பெரும்பாலானவற்றைக் கீழே இறக்கி எரியவிட்டார்கள். அன்று நாம் எடுத்த படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது. ஸ்டார்லிங்கும் ஒவ்வொன்றும் ஐந்தாண்டு வேலை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதுதான். வெளிச்சம் பூமியின் பக்கம் வராமலிருக்க அதன் அடிப்பக்கத்தில் கண்ணாடிப் படலம் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். தொலைநோக்கியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கோடுகள் பெரிய இடைஞ்சல், அவர்கள் வேதனை நியாயமானது. நம் படம் அப்படியல்ல. அன்றிரவு சிகிஞ்சானுக்கு மேலே வானத்தில் என்ன இருந்தது என்பதற்கு உன் படம் சாட்சி. தேதியையும் நேரத்தையும் எழுதி அப்படியே வை.

இப்போது நான் ஆசையாகக் காத்திருப்பது வேறொன்று. வீட்டு ஆஸ்ட்ரோ டி.வி. தட்டு ஏறக்குறைய வானுச்சியைப் பார்த்தபடி இருக்கிறதல்லவா? அது பார்க்கும் மியாசாட் செயற்கைக்கோள் இருப்பது 91.5 டிகிரி கிழக்கில், 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அம்மா பார்க்கிற தொடர் அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் அந்த உயரத்துச் செயற்கைக்கோள்கள் நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் போய் வரும், அதிகபட்சம் 70 நிமிடம். நிழலுக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் அவற்றின் சூரியத் தகடுகள் மின்னக்கூடும். ஐரோப்பாக்காரர்களுக்கு அது மார்ச் தொடக்கத்திலும் அக்டோபரிலும் வரும். நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கும் நமக்குச் சமஇரவு நாளுக்குப் பக்கத்திலேயே, அதுவும் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. மியாசாட்டுக்கு மார்ச்சில் நிழல் பிடிப்பது நம் நேரப்படி ஏறத்தாழ 1.30 மணிக்கு, விடுவது 2.30 தாண்டி.

படத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கேமரா அசையாமல் நிற்க, நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடும், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அது மட்டும் புள்ளியாகவே இருக்கும். உன் 85 எம்.எம். லென்ஸைக் கொண்டு வா. நீள எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடு, இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதே அளவு நேரம் சும்மா இருக்கும், மின்னல் அந்த இடைவெளியில் போய்விடும். 20 நொடிப் படங்களாக விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம், ஏர்கான் அறையிலிருந்து கேமராவை அரைமணி முன்னதாக வெளியே எடுத்து வைத்தால்தான் லென்ஸில் பனி பிடிக்காது.

மார்ச் 18லிருந்து 22 வரை, நிலா தொந்தரவு செய்யாத இரவாகப் பார்த்து நாள் சொல். செப்டம்பரில் இங்கே மழை அதிகம், அதை நம்ப வேண்டாம். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி பிடித்து வா, துறைமுகத்தில் காத்திருப்பேன். பாலிக் புலாவ் பக்கம் போவோம், நடுவில் மலை இருப்பதால் டவுன் வெளிச்சம் அங்கே அவ்வளவாக வராது. தங்கச்சியையும் கூட்டி வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேரன் படம் ஒன்றும் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
மணியம்