வேலைக்கு ஆகாது என்று யார் சொன்னது?

மணிநகர், அகமதாபாத்
ஜனவரி கடைசி வாரம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. உத்தராயண் முடிந்தும் இங்கே மொட்டைமாடிகளில் பட்டம் ஓயவில்லை. மின்கம்பியெல்லாம் மாஞ்சா நூல் தொங்குகிறது. குளிரில் சரோஜாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். பேத்தி தூக்கத்தில்கூட குஜராத்தியில்தான் பேசுகிறாளாம்.

பதநீர்க் கூட்டுறவு பற்றி எழுதியிருந்தாய். நீ கணக்குப்போட்டு எடுத்துப் போனதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று ஊர்க்கூட்டத்தில் முடித்துவிட்டார்கள் என்றாய். படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளோடு இந்த வாரம் பேசிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

வங்கித் தேர்வு எழுதப் போகிறவர்கள். பாடத்தில் 'இம்ப்ராக்டிகபிள்' என்ற சொல் வந்தது. ஒரு பையன் உடனே 'அவ்யவஹாரு' என்றான். தப்பில்லை. ஆனால் குஜராத்தியில் வ்யவஹார் என்றால் கொடுக்கல் வாங்கல், உறவு பேணுதல், கல்யாண வீட்டு மொய், சீர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒருவரை வ்யவஹாரு என்றால் அது நல்ல பாராட்டு. நாலு பேரோடு ஒத்துப்போய்க் காரியம் பார்க்கத் தெரிந்தவர். அதனால் அவ்யவஹாரு என்றதும் யோசனையை விட்டுவிட்டு ஆளின் மேல் பழி விழுகிறது. உலகம் தெரியாதவன் என்று ஆகிவிடுகிறது. (அதே சொல்தான் தமிழில் விவகாரமாகி வம்புக்குப் பெயராகிவிட்டது என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.) இன்னொரு பெண் 'சேக்சல்லியின் எண்ணம்' என்றாள். தலையில் நெய்ப்பானையைச் சுமந்துகொண்டே பணக்காரனாகிவிட்டதாக நினைத்துப் பானையைப் போட்டு உடைத்த ஆள். நாம் மனக்கோட்டை என்போமே, அது. அதுவும் இங்கே பொருந்தாது. 'இம்ப்ராக்டிகல்' என்று ஆளைச் சொல்லலாம். 'இம்ப்ராக்டிகபிள்' திட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது: இப்போது கையில் இருக்கும் வசதியை வைத்து இதைச் செய்து முடிக்க முடியாது. சரி, எந்த வசதி இல்லை என்று அடுத்த கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

உதாரணத்துக்கு அவர்கள் ஊர்க்கதையையே எடுத்துக்கொண்டேன். பாவ்நகர் பக்கத்து கோகாவுக்கும் எதிர்க்கரை தஹேஜுக்கும் இடையே காம்பாத் வளைகுடாவில் 2017-ல் படகுப் போக்குவரத்து தொடங்கினார்கள். கடல்வழி 31 கிலோமீட்டர்தான். சாலையில் போனால் வளைகுடாவையே சுற்ற வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அங்கே ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும், வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். தஹேஜ் பக்கம் ஆழம் போதாமல் அது நின்றுபோனது. 2020 நவம்பரில் சூரத் பக்கத்து ஹஜீராவுக்குப் படகைத் திருப்பிவிட்டார்கள். ஆகாமல் போனது அந்த ஒரு படகுத்துறைதான் என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் அமுல் பால் சங்கம் பிறந்த ஆனந்த் ஊரின் கதை. அமுல் எல்லோருக்கும் தெரியும், எருமைப்பால் பவுடர் கதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஆனந்த் அப்போது இருந்த கேடா மாவட்டத்தில் எருமைப்பால்தான் அதிகம். குளிர்காலத்தில் கோடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கறக்கும். பம்பாய்க்கு அனுப்பியது போக மிஞ்சுவதை வாங்க ஆள் கிடையாது. 1946-ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் தொடங்கியவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். பவுடராக்கினால் தீரும். ஆனால் எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், பசும்பாலைப்போலத் தூவி உலர்த்த முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் நாட்டில் எருமை இல்லை, செய்து பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. தலாயா என்ற பால்துறை வல்லுநர் செய்து காட்டினார். அமுலை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியனோடு அமெரிக்காவில் படித்த நண்பர் அவர். (குரியன் நம் லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர் என்பது உனக்குத் தெரியும்தானே?) யுனிசெஃபும் நியூசிலாந்தும் உதவ, 1955 அக்டோபர் 31 அன்று நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். பிறகு எருமைப்பாலில் குழந்தை உணவும் முடியாது என்றார்கள். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். குரியன் பெயர் நின்ற அளவுக்குத் தலாயாவின் பெயர் நிற்கவில்லை. எனக்கு அது எப்போதும் வருத்தம்.

இப்போது உன் விஷயம். கூட்டத்தில் பேசியவர்களில் பனையேறிகள் எத்தனை பேர்? முன்பணம் கொடுத்துக் கருப்பட்டியைக் கட்டிப்போடும் வியாபாரிகள் எத்தனை பேர்? பனையேறி 'ஆகாது' என்பதற்கும் வியாபாரி 'ஆகாது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பதநீர் சீக்கிரம் புளித்துவிடும் என்பது உண்மையான தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினாலும் வெயில் ஏறுவதற்குள் அடுப்புக்குப் போயாக வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாளில் எழுது. எதற்குப் பணம் போதாது, எதற்கு ஆள் போதாது, எது வெறும் பயம் என்று பிரித்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் ஒற்றை வார்த்தையில் உன்னை உட்காரவைக்க முடியாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு இருக்கிற பெயருக்குச் சந்தை பற்றி நீ பயப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். சீசனில் மொத்தமாக வந்து விலை இறங்குகிறதே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிடங்கு ஒன்று கிடைத்தால் பாதி தீர்ந்தது.

மாசியில் ஊருக்கு வருகிறேன். பதநீர் இறங்கத் தொடங்குவதற்குள் உட்கார்ந்து பேசிவிடலாம். வருகிற வழியில் ஆனந்தில் இறங்கி, சங்கத்து ஆட்கள் கிராமத்தில் பால் அளந்து பணம் கொடுக்கும் முறையைப் பார்த்து எழுதிக்கொண்டு வரட்டுமா? வேண்டுமென்றால் உடனே எழுது, டிக்கெட்டை அதற்குத் தகுந்தமாதிரி போடுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
ராகவன்