முப்பது தொட்டியும் ஒரு காரும்

அன்புள்ள அத்தைக்கு,

சென்னையிலிருந்து வீடு மாறும்போது மொட்டை மாடியில் இருக்கும் முப்பது தொட்டியும் ஹைதராபாத் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னீர்களாம். கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இப்போதே ஆரம்பித்தால் சரியாக இருக்கும். முப்பதும் வராது, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாமான் லாரியில் செடியை ஏற்றாதீர்கள். மே மாதத்தில் மூடிய கன்டெய்னர் அடுப்பு மாதிரி. வழியில் இன்னொரு வீட்டுச் சாமானும் ஏற்றினால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். காரில் பிடிப்பதுதான் கணக்கு: முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடம், பின் சீட்டில் பாதி. எட்டங்குலத் தொட்டி என்றால் எட்டு, மிஞ்சினால் பத்து. டிக்கியை மறந்துவிடுங்கள், அங்கே ஏசியும் போகாது, காற்றும் போகாது.

மற்றதெல்லாம் கன்றாகவோ குச்சியாகவோ விதையாகவோ வரட்டும். பெரிய கறிவேப்பிலையைக் கீழ்வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். வேரைத் தொட்டால் முறுக்கிக்கொள்ளும் செடி அது. அடியில் பக்கக்கன்று இருந்தால் இன்றே வேரோடு பிரித்து ஆறங்குலத் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். கிளம்புவதற்குள் புதுத் தளிர் விட்டால் காரில் ஏற்றலாம், விடாவிட்டால் அங்கே நர்சரியில் வாங்கிக்கொள்ளலாம். துளசி முற்றிக் கட்டையாகிவிட்டது, காய்ந்த கதிரை உருவிக் காகிதத்தில் மடித்து வைத்தால் போதும். அதே துளசிதான் மாடத்தில் முளைக்கும், மனசு சங்கடப்பட வேண்டாம். வெற்றிலைக் கொடியிலும் மணி பிளான்டிலும் மூன்று நான்கு கணு இருக்கும்படி முந்தின நாள் இரவு வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கவரில் தளர்வாகப் போடுங்கள். அடீனியத்தை, அதுதான் அந்தப் பாலைவன ரோஜாவை, தொட்டியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுருட்டினாலே போதும், ஒரு வாரம்கூடத் தாங்கும். அதன் பால் விஷம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

காரில் வரப்போகிறவை மண் தொட்டியில் இருந்தால் இந்த வாரமே பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். கடைசி வாரத்தில் மாற்றினால், அறுந்த மெல்லிய வேர்கள் மறுபடி பிடிக்கும் முன்னே செடி காரில் குலுங்கும். மல்லிகையைப் பாதிக்கு வெட்டிக் கவாத்து பண்ணுங்கள். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலைக்காம்பு இடுக்கில் பாருங்கள், ஒரு செடியில் இருந்தாலும் காருக்குள் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். 5 மி.லி. வேப்பெண்ணெயை அரை ஸ்பூன் சோப்புக் கரைசலோடு முதலில் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தெளித்து, ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. எறும்பு குடியிருக்கும் தொட்டியை வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இருபது நிமிடம் அமுக்கி வையுங்கள். கிளம்ப ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட வேண்டும், மண் வடிந்து இறுக நாள் வேண்டுமே.

அடுத்தது தண்ணீர். உங்கள் கை சும்மா இருக்காது என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். கடைசித் தண்ணீர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு. கிளம்பும் காலையில் "வழியில் தாகமாக இருக்குமே" என்று ஒரு சொம்பு ஊற்றினால், சேறான மண் குலுக்கலில் வேரை விட்டு நகரும். காற்றில்லாத இடத்தில் ஈரம் தங்கித் தண்டு அழுகும். எலும்பாகக் காய்ந்திருந்தாலும் ஆபத்துதான், மண்கட்டி உதிர்ந்து வேர் அறும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தால் குளுமை தெரிய வேண்டும், மண் விரலில் ஒட்டக் கூடாது.

கட்டுவது முந்தின நாள் இரவு. மண்ணின் மேல் தேங்காய் நாரைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் தொட்டி வாயைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். பிறகு செய்தித்தாளை அடியிலிருந்து மேல்நோக்கிப் பொட்டலம் மாதிரி சுற்ற வேண்டும், இலைகள் மேலே குவிந்து நிற்கும். மேலிருந்து கீழே சுற்றினால் காம்பெல்லாம் முறியும். நுனி திறந்தே இருக்கட்டும். இலை மேல் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், வியர்த்து அவிந்துவிடும். தொட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து, இடுக்குகளில் பழைய புடவையைத் திணியுங்கள். அசைத்தால் ஆடக் கூடாது.

வழி சுமார் 630 கி.மீ. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் ஓங்கோல் தாண்டலாம். அதற்கப்புறம் அத்தங்கி, பிடுகுராள்ள வழியாகப் பல்நாடு வட்டாரத்து வெயில். வெயிலுக்குப் பேர்போன ரெண்டசிந்தலா ஊர் அந்தப் பக்கம்தான். ஏசி காற்று இலை மேல் நேராக அடிக்க வேண்டாம், இலை கண்ணாடியில் படவும் வேண்டாம், பட்ட இடம் வெந்துவிடும். சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, முறை போட்டுச் சாப்பிடுங்கள். பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் போதும், அத்தனையும் வதங்க.

போய்ச் சேர்ந்ததும் சமையல் பெட்டிக்கு முன்னால் செடிப் பெட்டியைப் பிரியுங்கள். சமையலுக்கு ஹோட்டல் இருக்கிறது. அன்றைக்கு ஒரு தடவை, அடி ஓட்டை வழியே வடியும் வரை தண்ணீர். மூன்று நாள் வெளிச்சமான நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது. அங்கே காற்று சென்னையை விட வறண்டது, பெரணிச் செடியின் (ஃபெர்ன்) இலை ஓரம் கருகும். அதைக் குளியலறை ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

ஹாலில் இருக்கும் ஃபைகஸ் இரண்டு வாரத்தில் பாதி இலையைக் கொட்டும். இடம் மாறினால் அதன் வழக்கம் அது. பதறாமல் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, கையிலிருக்கும் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்