எந்த வைரஸைப் பிடிக்காது என்பதையும் அச்சிடுங்கள்: ஹெபடைட்டிஸ் பி கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கிட் தரும் எண்ணைப் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் ஆய்வகக்காரர்களில் நானும் ஒருவன். பெட்டிக்குள் மடித்து வைக்கிறீர்களே, அந்தப் பொடி எழுத்துத் தாள், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், உணர்திறன் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. உருமாறிய வைரஸ்களில் எவற்றை வைத்துச் சோதித்தீர்கள் என்ற வரியைத் தேடினால் பல தாள்களில் காணோம்.

எங்களுக்கு வரும் சிக்கல் இப்படி இருக்கும். எச்பிஎஸ்ஏஜி, அதாவது உங்கள் கிட் தேடும் வைரஸின் மேலுறைப் புரதம் (ஆன்டிஜென்), நெகட்டிவ். ஆனால் தொற்று எப்போதோ வந்ததைக் காட்டும் ஆன்டி எச்பிசி பாசிட்டிவ், கல்லீரல் என்சைம்கள் ஏறியிருக்கின்றன. சந்தேகப்பட்டு டி.என்.ஏ. சோதனை செய்தால் ஒரு மில்லிலிட்டரில் வைரஸ் லட்சக்கணக்கில். உங்களிடம் கேட்டால் ‘மறைந்திருக்கும் தொற்றாக இருக்கலாம்’ என்று பதில் வருகிறது. மறைந்திருக்கும் தொற்றில் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 200 சர்வதேச அலகுக்குக் கீழேதான் இருக்கும். லட்சத்தில் இருக்கும் வைரஸ் எங்கே மறைந்திருக்கிறது? ரத்தத்தில் ஆன்டிஜென் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கிட்டில் வைத்திருக்கும் ஆன்டிபாடிக்குத்தான் அது தெரியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த வைரஸ் டி.என்.ஏ. வைரஸாக இருந்தாலும், ஆர்.என்.ஏ. வழியாகத்தான் தன்னைப் பிரதி எடுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் பாலிமரேஸ் என்ற என்சைமுக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. மேலுறைப் புரதத்தில் 124 முதல் 147 வரையிலான அமினோ அமிலங்கள் சேர்ந்த பகுதியைத்தான் பெரும்பாலான ஆன்டிபாடிகள் பிடித்துக்கொள்கின்றன. அங்கே 145-ஆவது இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்தால் போதும், பிடி நழுவிவிடும். தடுப்பூசி போட்ட குழந்தையிடம் இந்த மாற்றம் கண்டறியப்பட்டு, 1990-இலேயே ஆய்விதழில் வெளியாகிவிட்டது. ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஒரே ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியை நம்பிய கிட், மச்சத்தை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண்பவர் மாதிரி. பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் சேர்த்தால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும். உங்களில் சிலர் அதைச் செய்தும் இருக்கிறீர்கள். அவர்களாவது அதைத் தாளில் எழுதலாமே!

மருந்தும் இதில் ஒரு பங்காளி. மேலுறை ஜீன் முழுவதும் பாலிமரேஸ் ஜீனுக்குள்ளேயே, வேறொரு வாசிப்புச் சட்டகத்தில் அமைந்திருக்கிறது; அதாவது ஒரே எழுத்து வரிசை வேறு இடத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கப்படுகிறது. இந்த வைரஸுக்குக் கொடுக்கும் லாமிவுடின் மருந்துக்கு அடங்காமல் பாலிமரேஸின் 204-ஆவது இடம் மாறும்போது, மேலுறைப் புரதமும் கூடவே மாறுகிறது. ஆக, நீண்ட நாள் மருந்து எடுத்தவர்களின் மாதிரிகளும் உங்கள் சோதனைத் தொகுப்பில் இருக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களையும் சாதாரணத் தொற்றாளர்களையும் மட்டும் வைத்து 99 சதவீதத்துக்கு மேல் உணர்திறன் காட்டுவது பெரிய சாதனையில்லை.

‘அப்படியானால் டி.என்.ஏ. சோதனையே செய்துகொள்ளுங்கள்’ என்பீர்கள். சரி, ஆனால் அதுவும், வைரஸ் டி.என்.ஏ.வைத் தேடி ஒட்டும் பிரைமர் என்ற சிறு துண்டு ஒட்டும் இடம் மாறினால் கோட்டை விடும். அதனால்தான் ஜீனோமில் இரண்டு இடங்களைக் குறிவைக்கும் கிட்டுகள் வந்தன. மேலும், உலகில் பெரும்பாலானோருக்கு முதல் சோதனையும் கடைசிச் சோதனையும் எச்பிஎஸ்ஏஜி ஒன்றுதான், அதுவும் பல இடங்களில் வெறும் ரேப்பிட் கார்டு. 2022-இல் நாள்பட்ட தொற்றோடு வாழ்ந்தவர்கள் சுமார் 25.4 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உருமாறியவை அதில் சிறு பங்குதான். ஆனால் ரத்த தானம் கொடுப்பவரோ, நோய் எதிர்ப்பைக் குறைத்து வைரஸை மீண்டும் தலைதூக்க விடக்கூடிய ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து தொடங்கப்போகிற நோயாளியோ அந்தச் சிறு பங்கில் இருந்தால், ‘நெகட்டிவ்’ என்ற ஒரு சொல்லால் வரும் கேடு சின்னதல்ல.

நான் கேட்பது இரண்டுதான். எந்தெந்த மாற்றங்களை வைத்துச் சோதித்தீர்கள், எவற்றில் கிட் தவறியது என்று தாளில் ஒரு அட்டவணை போடுங்கள். தவறியதை மறைத்துவிட்டு வென்றதை மட்டும் எழுத வேண்டாம். அப்புறம், முடிவுகள் முரண்படும் மாதிரிகளை அனுப்ப ஒரு வழி வையுங்கள். இப்போது புகார் எழுதினால், லாட் எண்ணையும் ஃப்ரிட்ஜ் வெப்பநிலையையும் கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மாதிரியை வாங்கி மேலுறை ஜீனை வரிசைப்படுத்திப் பார்க்க ஆள் வேண்டும். முடிவு எங்களுக்கும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுண்ணுயிரியலாளர்