பரிந்துரைப் படிவத்தில் காலி இடம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹூகோ விருது பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1953 முதல் வழங்கப்படும் அறிவியல் புனைகதை விருது அது, நடுவர் குழு கிடையாது, உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் உறுப்பினராகச் சேரும் எந்த வாசகரும் பரிந்துரைக்கலாம், ஓட்டும் போடலாம் என்பதை ஒரு தமிழ்ப் பத்திரிகை எடுத்துச் சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வருடம் பரவலாகப் பேசப்படும் புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்து, நேரம் இல்லாதவர்கள் அதிலிருந்து ஐந்தை எடுத்துப் படிவத்தை நிரப்பிவிடலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்லியிருந்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. 2018 முதல் உறுப்பினர் கட்டணம் கட்டிப் பரிந்துரை செய்து வருகிறேன். மாநாட்டுக்குப் போகாமல் பரிந்துரையும் ஓட்டும் மட்டும் போட 50 டாலர் அளவில் ஆகிறது. நம் காசுக்கு 4,000 ரூபாய்க்கு மேல். எனக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனாலேயே முதல் வருடம், கட்டிய பணத்துக்கு எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட வேண்டும் என்று ஒரு வேகம். நாவல் பிரிவில் ஐந்து இடம். நான் முழுதாகப் படித்திருந்தது இரண்டு. மீதி மூன்றையும் பட்டியல்களைப் பார்த்து எழுதினேன். சிறுகதையிலும் அப்படியே. பெரிய பெயர்களாக ஐந்து எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய மறுநாள் காலை பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. முந்தின ஜூலையில் ஒரு சின்ன இணைய இதழில் ஒரு கதை படித்திருந்தேன். அதை எழுதியவரின் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. படித்த இரவு விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் விழித்துக் கிடந்தேன். அதை எழுதாமல் விட்டிருந்தேன்! கடைசித் தேதி முடிந்துவிட்டது, திருத்த வழியில்லை. விழா முடிந்ததும் பரிந்துரைக் கணக்கை வெளியிடுவார்கள். அதில் தேடினேன், அந்தக் கதை இல்லை. என் ஒருத்தியின் பரிந்துரையால் அது மேலே வந்திருக்காது என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடத்தில் நான் அதைச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பரிந்துரையும் ஓட்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் இரண்டும் வேறு வேலைகள். ஓட்டுப் போடும் கட்டத்தில், பரிந்துரையில் தேறி வந்த ஆறு படைப்புகள் நம் முன்னால் இருக்கும். பல வருடங்களில் அவற்றின் மின்நூல்களையே உறுப்பினர்களுக்கு அனுப்பியும் வைக்கிறார்கள். உட்கார்ந்து படித்து வரிசைப்படுத்தினால் போதும். பரிந்துரைக் கட்டத்தில் நம் முன்னால் எதுவும் இருக்காது. ஒரு வருடம் முழுக்க வெளியான கதைகள் அத்தனையும் ஒரு பெரிய காடு மாதிரிக் கிடக்கும். அதில் யார் கண்ணில் எது பட்டது என்பதைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள். எது ஜெயிக்கும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்த்து எழுதினால் காட்டுக்குள் யார்தான் போவது?

அந்தக் காடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2013 ஒரு சாட்சி. குறைந்தது 5 சதவீதம் பேராவது பரிந்துரைத்தால்தான் இறுதிச் சுற்று என்று அப்போது ஒரு விதி இருந்தது. சிறுகதைப் பிரிவில் அதைத் தாண்டியவை மூன்றே மூன்று. அந்நாளைய விதிப்படி ஐந்து கதைகள் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று! நல்ல கதைகள் இல்லாததால் அப்படி ஆகவில்லை. பிடித்தவை அவ்வளவு சிதறிக் கிடந்தன. சிறுகதைப் பிரிவில் சில பேரின் விருப்பமே கணக்கை மாற்றிவிடும் என்பதை அன்று புரிந்துகொள்ளலாம்.

அதைக் கெட்ட வழியில் புரிந்துகொண்டவர்களும் உண்டு. 2015இல் இரண்டு குழுக்கள் பட்டியல் போட்டு, ஆதரவாளர்களிடம் இவற்றை எழுதுங்கள் என்று கேட்டன. அந்த வருடம் வந்த பரிந்துரைப் படிவங்கள் ஏறத்தாழ 2,100. அதில் ஒரு சிறு பங்கினர் ஒரே மாதிரி எழுதியதும் பல பிரிவுகளில் இறுதிப் பட்டியல் முழுக்க அவர்கள் பட்டியலாகவே வந்துவிட்டது. வாசகர்கள் கொதித்துப்போய் ஓட்டுப் போட வந்தார்கள், ஏறத்தாழ 6,000 பேர். ஐந்து பிரிவுகளில், ஓட்டுச் சீட்டில் இருக்கும் ‘விருது இல்லை’ என்ற தேர்வே ஜெயித்தது.

இதில் நாவல் பிரிவில் நடந்ததை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். மார்கோ க்ளூஸ் என்ற எழுத்தாளரின் நாவலும் அந்தப் பட்டியல் வழியாக இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. இப்படி வந்த இடம் எனக்கு வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டார். அந்தக் காலி இடத்துக்கு, பரிந்துரையில் அடுத்ததாக நின்ற நாவலைக் கொண்டுவந்தார்கள். அதுதான் சீன எழுத்தாளர் லியூ சிஷின் எழுதி, கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’. விருதையும் அதுவே வாங்கியது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு ஹூகோ கிடைத்தது அதுதான் முதல் தடவை. அது அடுத்த இடத்தில் நிற்கும் அளவுக்கு யாரோ ஒரு இருநூறு பேர் மார்ச் மாதத்திலேயே அதைப் படித்து எழுதி வைத்திருந்தார்கள். ஜெயிக்குமா என்று யோசித்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் வேறு பெயரை எழுதியிருப்பார்கள்.

சரி, பட்டியல்காரர்களை எதிர்க்க நாமும் சேர்ந்து ஒரு பட்டியல் போட வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை. 2017 முதல் எண்ணும் முறையையே மாற்றிவிட்டார்கள். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பரீட்சை முடிந்த ஒரு நாள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு பிரிவிலும் நமக்கு மொத்தம் ஒரு மதிப்பெண்தான். நான் ஐந்து நாவல் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு போகும். இரண்டு எழுதினால் பாதிப் பாதி. எல்லாருடைய படிவங்களையும் கூட்டியபின், மதிப்பெண்ணில் ஆகக் கீழே இருக்கும் இரண்டு படைப்புகளை எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டில் எதைக் குறைவான பேர் பரிந்துரைத்திருக்கிறார்களோ அது வெளியேறும். அதற்கு நான் கொடுத்த பங்கு வீணாகாது, என் படிவத்தில் மிச்சம் நிற்பவற்றுக்குப் பிரிந்து போய்விடும். ஐந்தில் ஒன்று நான்கில் ஒன்றாகும், அப்புறம் மூன்றில் ஒன்று. ஆறு படைப்புகள் மிஞ்சும்வரை இப்படியே நடக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரே ஐந்து பெயர்களை 100 பேர் எழுதினால் ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயருக்கும் 20 மதிப்பெண். ஒரே ஒரு நாவலை மட்டும் மனதார 30 பேர் எழுதினால் அதற்கு 30. பட்டியலின் பலத்தைப் பட்டியலே பிரித்துக்கொள்கிறது. இன்னொன்றும் இதில் இருக்கிறது. நான் படிக்காத மூன்று நாவல்களை எழுதினால், படித்து நேசித்த இரண்டின் பங்கிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன். முதல் வருடம் நான் செய்தது அதைத்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் வாசகர்கள் கேட்டால், என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஜனவரி முதல் தேதி ஒரு 80 பக்க நோட்டு போடுவேன். கதை, எழுதியவர், வந்த இதழ், மாதம், எத்தனை வார்த்தை என்று குறித்துக்கொள்வேன். வார்த்தைக் கணக்கு அவசியம். 7,500க்குக் குறைந்தால் சிறுகதை, 17,500 வரை ஒரு பிரிவு, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். படித்த அன்று மதிப்பெண் போடவே மாட்டேன். சில வாரம் கழித்துக் காய்கறி நறுக்கும்போதோ பஸ்ஸிலோ அந்தக் கதையின் காட்சி ஏதாவது தானாக நினைவில் வந்து நின்றால், நோட்டில் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வருடக் கடைசியில் மூன்று புள்ளிக்கு மேல் இருப்பவற்றை மட்டும் திரும்பப் படிப்பேன். ஆகஸ்டில் வானளாவப் புகழ்ந்த கதைக்கு டிசம்பர் வரை ஒரு புள்ளிகூட விழாமல் போனதுண்டு. காசு செலவில்லை, கிளார்க்ஸ்வேர்ல்ட், அன்கேனி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் போன்ற இதழ்களில் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். ஓவியர், ரசிகர் இதழ் போன்ற பிரிவுகளில் எனக்குப் பழக்கமில்லை. அவற்றைத் தொடுவதே இல்லை.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு விதியையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஹூகோவில் கிடையாது. வேறு மொழியில் வெளியான வருடத்தில் ஒரு வாய்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு முதன்முதலில் வரும் வருடத்தில் இன்னொரு வாய்ப்பு. சீனத்தில் 2008இல் புத்தகமாக வந்த லியூ சிஷின் நாவல் 2015இல் விருது வாங்கியது இந்த இரண்டாம் வாய்ப்பில்தான். மாநாடு சீனாவின் செங்டு நகரில் நடந்த 2023இல் சிறுகதை இறுதிச் சுற்றின் ஆறில் நான்கு சீனக் கதைகள். காரணம் சொல்லாமல் சில படைப்புகளைத் தகுதியற்றவை என்று ஒதுக்கிய அந்த வருடத்து அநியாயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் தங்கள் மொழியில் படித்ததைத் தங்கள் கையால் எழுதி அனுப்பிய அந்த வாசகர்கள் மீது எனக்குப் பிரியம் உண்டு.

என்னை இந்தப் பக்கம் இழுத்ததே நமக்குப் பக்கத்துத் தீவுதான். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், அந்தத் தீவைத் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்து, அங்கிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவதாக எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ 1980இல் ஹூகோ வாங்கியது. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதியில் படித்தேன். அதற்கு முன் எனக்கு அறிவியல் கதை என்றால் சுஜாதாவின் ஜீனோ மட்டும்தான். சுஜாதாவும் கிளார்க்கும் 2008இல் மூன்று வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். 2024 இறுதிச் சுற்றில் கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவல் இடம்பெற்றபோது எனக்கு அந்தக் கிழிந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது.

போன வருடம் படித்ததில் ஒரு தமிழ்ச் சிறுகதைக்கு என் நோட்டில் ஐந்து புள்ளிகள். அதையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையை என்னைத் தவிர யாரும் பரிந்துரைக்காமல் போகலாம். ஆனால் தமிழ் படிக்கும் உறுப்பினர்கள் இன்னும் ஒரு ஐம்பது பேர் இருந்து, ஆளுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தால்? உங்கள் இதழ் பட்டியலுக்குப் பதிலாக, வாசகர்கள் அந்த வருடம் படித்து மறக்க முடியாத ஒரே ஒரு அறிவியல் கதையை, ஏன் மறக்க முடியவில்லை என்று நாலு வரியோடு எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே. நான் முதல் ஆளாக எழுதுகிறேன்.

இந்த வருடம் நாவல் பிரிவில் என்னிடம் இரண்டே பெயர்கள்தான் இருக்கின்றன. விடைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவே நேற்றிரவு படிவத்தைத் திறந்து இரண்டையும் எழுதினேன். மற்ற மூன்று கட்டங்களும் காலியாக இருக்கின்றன, அப்படியே அனுப்பப் போகிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி